கவலையும் கருமமும்: கிணறு கற்பிக்கும் பாடம்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்து அன்பர்கள் பணித்தபோது, இலக்கியப் பொருளொன்றை எடுத்து ஆராய்தலே தமிழாசிரியனுக்கு இயல்பு என எண்ணினேன். எனினும், கடந்த ஈராண்டாக என் வகுப்பறையில் விடையின்றி நின்ற வினாவொன்று என்னை வேறு திசைக்கு இழுத்தது. உலகம் வெப்பமடைகின்றது, கடல் உயர்கின்றது, மழை காலந் தவறுகின்றது என்று நாள்தோறும் கேட்டு அஞ்சும் இளைஞன், அவ்வச்சத்தாற் செயலுக்கு எழுவானா? அன்றிச் சோர்ந்து அமர்ந்துவிடுவானா? இதுவே அவ்வினா. இதனை எமது மண்ணுக்குரிய ஒரு பொருளைக் கொண்டு, அஃதாவது எமது கிணற்றைக் கொண்டு, ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வகுப்பறையில் நிகழ்ந்தது

பத்தாந் தர மாணாக்கருக்குக் காலநிலை மாற்றம் பற்றி ஒரு பாடம் நடத்தினேன். பொருள் நன்கு பதிய வேண்டும் என்னும் ஆர்வத்தால், வெள்ளத்தில் மூழ்கிய ஊர்களின் படங்களையும், வெடித்த வயல்களின் படங்களையும், புயலில் முறிந்த மரங்களின் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினேன். பின்னர், ‘காலநிலை மாற்றமும் எமது கடமையும்’ என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு பணித்தேன்.

பலர் தாம் வழக்கமாக எழுதுவனவற்றை எழுதினர். தீவுப்பகுதியிலிருந்து வரும் மாணவன் ஒருவன் மட்டும் நான்கு வாக்கியங்களோடு நிறுத்தியிருந்தான். “எங்கள் வீட்டுக் கிணறு உவராகிவிட்டது. அம்மா குடிநீரைக் காசு கொடுத்து வாங்குகிறார். காணியை விற்றுவிட்டுப் போகலாம் என்று அப்பா சொல்கிறார். ஐயா, கடமை என்று நான் எதை எழுதுவது?” என்பனவே அவை.

அக்கட்டுரைக்குப் புள்ளி இட என் கை எழவில்லை. அவனுக்கு அறிவு குறைவில்லை, அச்சமும் குறைவில்லை. குறைந்தது வேறொன்று. அக்குறை அவனுடையதன்று, என்னுடையது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அஞ்சுமாறு கற்பித்த நான், அஞ்சியவன் அடுத்து எடுத்துவைக்கவேண்டிய அடியைக் கற்பித்தேனல்லேன்.

கவலை என்னும் சொல்

இவ்விடத்துத் தமிழாசிரியனுக்குரிய சலுகையை எடுத்துக்கொண்டு ஒரு சொல்லை நோக்குவாம். கவலை என்னுஞ் சொல் இன்று மனத்துயரையே குறிக்கின்றது. சங்கச் செய்யுள்களிலோ அது கவர்த்த வழியையும், அஃதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்தையும், குறித்து வழங்கியது. இன்னும், தமிழகத்து உழவர் எருது பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் ஏற்றத்துக்கும் கவலை என்றே பெயர். இம்மூன்றும் ஒரு வேரிற் பிறந்தன என வாதிப்பது என் நோக்கமன்று. பாடத்தை நினைவில் நிறுத்துவதற்கு இவ்வொற்றுமை உதவும் என்பதே கருத்து. மனத்துயர் ஒரு கவர்வழியிற் கொண்டுபோய் நிறுத்துகின்றது. ஒரு கிளை மலைப்புக்குச் செல்லும். மற்றது கிணற்றடிக்குச் சென்று நீரிறைக்கும்.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தமை யாவரும் அறிந்ததே. அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதலைப் பற்றி அவர் அறிவுடைமை அதிகாரத்தினுள்ளே பேசுகின்றார் என்பது அத்துணைப் பலரும் கருதாத செய்தி. அச்சத்தை அவர் கோழைமையின் பாற்படுத்தாது அறிவின் பாற்படுத்தினார். அவ்வளவில் அமையாது, ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என நான்கு அதிகாரங்களைப் பின்னர் அடுத்தடுத்து வைத்தார். அஞ்சுதல் அறிவின் தொடக்கம். அதன் முடிவு ஆள்வினை எனக் கொள்ளுதல் பொருந்தும்.

நிலத்தடியில் ஒரு தராசு

இனி, அஞ்சத்தக்கது யாதெனக் காண்பாம். எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வலிகாமத்து வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடனீரேரியை அடைவது. ஆண்டில் 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலே கொட்டிவிடும். எஞ்சிய மாதங்களில் நாம் உண்பதும் குடிப்பதும் நிலத்தடியிற் சேர்ந்த அம்மழையே.

எம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அது வெடிப்பும் துளையும் உடையது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அவ்வியல்புக்குச் சான்றுகள். மழைநீர் அவ்வெடிப்புகளால் இறங்கிக் கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரம் குறைந்தது ஆதலின் இவ்வாறு மிதத்தல் கூடும். இந்த இரண்டு நீருக்கும் இடையே உள்ள தராசின் கணக்கு நுட்பமானது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் தாங்கப்படும் என்பர் அறிஞர். ஆதலின், மேலே 1 அடி நீரை மிகையாக இறைத்து இழந்தால், கீழே உவர்நீர் 40 அடி ஏறிவர இடமுண்டு. கிணற்றடியில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவது அந்த ஓரடி மட்டுமே.

துலா மிதித்து இறைத்த நாளில் மனிதன் களைத்தபோது கிணறும் ஓய்ந்தது. சூத்திரத்திற் சுற்றிய மாடு களைத்தபோதும் அவ்வாறே. மின்பம்பிக்குக் களைப்பில்லை. இஃது ஒரு பாரம். தோட்டங்களில் இடும் உரமும் மலக்குழிகளின் கசிவும் சேர்ந்து வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவைக் குடிநீருக்குரிய எல்லைக்கு மேல் உயர்த்தியமை மற்றொரு பாரம். இவற்றின்மேல் இப்பொழுது மூன்றாவது பாரமும் ஏறுகின்றது. 1901 தொடக்கம் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சதமமீற்றர், அஃதாவது ஏறத்தாழ 8 அங்குலம், உயர்ந்துள்ளது. நன்னீரைத் தாங்கும் தராசின் மறுதட்டு அதுவாதலின், கடலோரக் கிணறும் தீவகத்துக் கிணறும் அதனை முதலில் அறியும். 1964 மார்கழிப் புயலையும், 2008 இன் நிஷாப் புயலையும், 2020 இன் புரேவிப் புயலையும் கண்ட எமக்கு, மாரி எப்பொழுதும் அளவோடு வருவதில்லை என்பதைக் கூறவேண்டியதில்லை. ஒரே நாளிற் கொட்டும் மழையிற் பெரும்பகுதி, தேங்க இடமின்றேற் கடலுக்கே போகும்.

ஆகவே அச்சம் காரணமற்றதன்று. அதனால் விளைவது யாது என்பதே வினா.

வழியில்லாத அச்சம்

2021 ஆம் ஆண்டில் இந்தியா உட்படப் 10 நாடுகளில், 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 இளைஞரிடம் ஆய்வாளர் சிலர் இதுபற்றி வினவினர். நூற்றுக்கு 59 பேர் காலநிலை மாற்றத்தையிட்டு மிகவும் அல்லது மிக மிகக் கவலையுறுவதாகக் கூறினர். நூற்றுக்கு 45 பேருக்கு மேற்பட்டோர் அக்கவலை தம் அன்றாட வாழ்வையே பாதிக்கின்றது என்றனர். பாதிக்கு மேற்பட்டோர் தம்மைக் கையாலாகாதவராக உணர்ந்தனர். ஆள்வோர் ஆவன செய்யவில்லை என எண்ணியோரிடத்துக் கவலை மிகுந்திருந்தது என்பதும் அவ்வாய்வால் தெரிந்தது. இலங்கை அப்பத்து நாடுகளுள் ஒன்றன்று. எனினும், என் மாணவனின் நான்கு வாக்கியங்கள் அத்தொகையுள் அடங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதனினும் பழைய ஆய்வொன்று எமக்கு அதிகம் பயன்படும். 1965 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லெவெந்தால் என்னும் உளவியலாளரும் அவர்தம் துணைவரும், ஏற்புவலி நோய் பற்றிய துண்டுநூல்களை மாணவருக்குக் கொடுத்தனர். சிலருக்குக் கொடுத்த நூல் மிகுந்த அச்சம் ஊட்டுவது; சிலருக்குக் கொடுத்தது சிறிதளவே அச்சம் ஊட்டுவது. இவ்விரு திறத்தாருள்ளும் ஒரு பகுதியினருக்கு மட்டும், தடுப்பூசி போடும் மருத்துவ நிலையம் குறித்த படம் ஒன்று கொடுத்து, எந்த நாளில் எவ்வழியாற் செல்லலாம் எனத் திட்டமிடவுஞ் சொன்னார்கள். அந்நிலையம் இருக்கும் இடத்தை அறியாதார் அவருள் மிகச் சிலரே.

விளைவு வியப்பானது. அச்சம் மட்டும் பெற்றவருள் ஊசி போட்டுக்கொண்டவர் நூற்றுக்கு 3 பேர். அச்சத்தோடு வழிப்படமும் பெற்றவருள் நூற்றுக்கு 28 பேர். அச்சத்தை மிகுதிப்படுத்தியதால் ஊசி போட்டவர் தொகை கூடவில்லை. அச்சமின்றி வழிப்படம் மட்டும் கொடுத்தபோதோ அதுவும் பயன்படவில்லை. அச்சம் ஆளை எழுப்புகின்றது. வழி அவனை நடத்துகின்றது. ஒன்றின்றி மற்றொன்று முடம்.

நான் என் வகுப்பிற் செய்த பிழை இப்பொழுது தெளிவாகும். படத்தின்மேற் படம் காட்டி அச்சத்தைப் பெருக்கினேன். வழிப்படம் ஒன்றையும் கொடுத்தேனல்லேன்.

அச்சமில்லாத வழி

மறுபக்கத்துக்கும் எமது மண்ணிலேயே சான்று உண்டு. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம் அவர்கள் 1950 களில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை வகுத்தார். வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொணரும் நீர் ஆனையிறவுக் கடனீரேரியிற் சேர்ந்து வீணே உவராகின்றது. அவ்வேரியின் இரு வாயிலையும் அணைகட்டி அடைத்துக் கடல்நீரைத் தடுத்தால், ஆண்டுதோறும் பெய்யும் மழை அதனைப் படிப்படியாக நன்னீராக்கும். பின்னர் முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி அந்நீரை வடமராட்சிக் கடனீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் செலுத்தலாம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள தடுப்பணைகள் அதனைக் கடலோடு கலவாமற் காக்கும். அயலிலுள்ள கிணறுகளும் நாளடைவில் இனிக்கும். இதனினும் தெளிவான வழிப்படம் வேண்டுமோ?

ஆயினும், அணைகள் அமைந்தும் இணைப்பு வாய்க்கால் முடியாமலே நெடுங்காலம் கிடந்தது. அணைப் பலகைகள் உளுத்தன. உவர் மீண்டும் உட்புகுந்தது. அரசின் பாராமுகமும் பின்வந்த போரும் இதற்குப் பெருங் காரணங்கள் என்பதை மறுப்பார் இலர். எனினும், போருக்கு முந்திய அமைதியான ஆண்டுகளிலும் எம்மவர் அத்திட்டத்தைத் தம் உயிர்ப்பிரச்சினையாகக் கொண்டு வற்புறுத்தினரோ என எம்மையே கேட்டுப் பார்த்தல் வேண்டும். அக்காலத்துக் கிணறுகளில் நீர் நிறைந்திருந்தது. புகையிலையும் வெங்காயமும் நன்கு விளைந்தன. அச்சம் இல்லாதவிடத்து வழிப்படம் பெட்டியில் உறங்கியது.

இரண்டும் கூடிய இடம்

அச்சமும் வழியும் கூடியபோது நிகழ்வது யாது என்பதற்குச் சுன்னாகம் சான்று. மின்னுற்பத்தி நிலையம் ஒன்றின் அயலிலிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெரும் பிரச்சினையாக எழுந்தது. அச்சம் மலைப்பாக முடியவில்லை. அதற்கு ஒரு பொருள் இருந்தது: வாளியில் மிதந்த எண்ணெய். வழிகளும் இருந்தன: நீரைச் சோதிக்கக் கேட்டல், வீதியில் இறங்கி நீதி கேட்டல், வழக்குத் தொடுத்தல். 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. கெட்ட நீர் தீர்ப்பால் உடனே தெளிந்துவிடவில்லை. ஆயினும் அஞ்சியவர் கையாலாகாதவரல்லர் என்பது நிறுவப்பட்டது.

அச்சம் அயலானுக்கும் உண்டு என்பதை மறத்தலாகாது. இரணைமடுக் குளத்து நீரைக் குடிநீராக யாழ்ப்பாணத்துக்குக் கொணரும் திட்டம் எழுந்தபோது, தம் வயல் காய்ந்துவிடும் எனக் கிளிநொச்சிக் கமக்காரர் அஞ்சி எதிர்த்தனர். அவர்கள் அச்சமும் காரணமற்றதன்று. இறுதியில் அவ்வழி கைவிடப்பட்டு, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைக்கப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. குடிநீருக்கு அது பெருந்துணை. ஆனால் அது மின்னாற் பெறும் நீர். தோட்டத்துக்கும் தென்னைக்கும் மாட்டுக்கும் வேண்டிய நீரை அது தாராது. கிணற்றைக் காத்தல் எம்மை விட்டு நீங்கிய கடமையன்று.

இனி என் வகுப்புக்கு மீள்வேன். அம்மாணவனுக்கு விடைகூற அறியாத நான், அடுத்த சனிக்கிழமை வகுப்பாரைப் பாடசாலைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றேன். நூற்கயிற்றில் இரும்புத்துண்டு ஒன்றைக் கட்டி இறக்கி, கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என அளந்தோம். அயலிலுள்ள கோயிற் கிணற்றையும் தோட்டக் கிணறு ஒன்றையும் அவ்வாறே அளந்தோம். சனிதோறும் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதுவது வழக்கமாயிற்று. அக்குறிப்பேட்டை வைத்திருக்கும் பொறுப்பை அந்த மாணவனிடமே கொடுத்தேன்.

பங்குனி கடந்து சித்திரை வந்தபோது, தோட்டக் கிணற்றின் மட்டம் பம்பி ஓடிய காலைப்பொழுதில் இறங்குவதையும் மாலையில் மீண்டும் ஏறுவதையும் மாணாக்கர் தாமே கண்டனர். அயற்கிணறும் அதனோடு சேர்ந்து சற்று இறங்குவதைக் கண்டபோது ஒருவன், “அப்படியானால் எல்லாம் ஒரே கிணறுதானே, ஐயா?” என்றான். எத்தனை பாடம் நடத்தியும் நான் கற்பித்திருக்க முடியாத உண்மை அது.

ஊர்க்குளத்துக்கு மழைநீர் கொணரும் வெள்ள வாய்க்கால் குப்பையாலும் மண்ணாலும் மூடிக் கிடந்தது. பெரியோர் சிலரையும் பிரதேச சபையினரையும் கண்டு பேசி, புரட்டாதி மாதத்தில் மண்வெட்டியோடு இறங்கி நான்கு சனிக்கிழமைகளில் அதனைத் துப்புரவாக்கினோம். தோட்டக்காரர் இருவர் தாமாகவே வந்து உதவினர். முன்னைய ஆண்டிற் பொங்கலோடு வற்றிய குளத்தில், அவ்வாண்டு மாசி நடுப்பகுதிவரை நீர் நின்றது. ஒரு மாரியைக் கொண்டு முடிவு கூறுதல் தகாது. மழையும் அவ்வாண்டு சற்றுக் கூடுதலாகப் பெய்திருக்கலாம். ஆயினும் மாணாக்கர் முகத்தில் நான் கண்ட மாற்றம் மழையால் வந்ததன்று. அச்சம் அவர்களை விட்டு நீங்கவில்லை. அச்சத்துக்கு ஒரு வேலை கிடைத்தது.

ஓர் ஐயமும் அதன் விடையும்

“உலகப் பெருநாடுகள் கக்கும் புகைக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் வாய்க்கால் வெட்டுவது பரிகாரமாகுமோ?” என ஒருவர் வினவலாம். ஆகாது. கரியமில வாயுவை மிகுதியாக விடுத்தவரே அதனைக் குறைத்தல் வேண்டும்; அதனை வற்புறுத்தும் குரலில் எமது குரலும் சேர்தல் வேண்டும். ஆயினும் அது நிகழும்வரை கிணறு காத்திராது. தன் வாய்க்காலைத் துப்புரவாக்கியவன் பிறரைப் பார்த்து நீதி கேட்கும்போது அவன் சொல்லுக்கு வலிமையும் உண்டு.

இன்னொன்றும் கூறுதல் வேண்டும். தனித்துச் செய்வதற்கும் கூடிச் செய்வதற்கும் வேறுபாடு உண்டு. அமெரிக்க இளைஞரிடையே செய்து 2022 இல் வெளியான ஆய்வொன்று, பலரோடு கூடிச் செயற்படுவோரிடத்துக் காலநிலைக் கவலை மனச்சோர்வாக மாறுதல் குறைவு எனவும், தனித்துச் செய்யும் சிறு செயல்களுக்கு அவ்வாற்றல் காணப்படவில்லை எனவும் தெரிவித்தது. எம்மவர்க்கு இது புதிதன்று. பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைத்ததும், அயலார் கூடிக் கிணறு கலக்கி இறைத்ததும், வழிப்போக்கனுக்காகக் கேணியும் மாட்டுக்காக ஆவுரஞ்சிக் கல்லும் அமைத்ததும் அதே அறிவினாலன்றோ? ஒருவன் சிக்கனமாக இறைத்தும் அயலான் வீணாக்கினால் இருவர் கிணறும் உவராகும். நிலத்தடியில் வேலி இல்லை.

முடிவுரை

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். தொலைபேசியில் ஊர் நலன் கேட்கும்போது கிணற்றையும் கேட்கின்றனர், கேட்டுப் பெருமூச்செறிகின்றனர். அப்பெருமூச்சோடு நின்றுவிடாதிருக்க வழிப்படம் ஒன்றைத் தருகின்றேன்.

1,000 சதுர அடிக் கூரையில் ஓராண்டு விழும் மழை ஏறத்தாழ 116,000 லீற்றர். வீணாவது போக, அதிற் பெரும்பகுதியைப் பீலியால் இறக்கி, வடித்துத் தாங்கியிலோ கிணற்றிலோ சேர்த்தல் கூடும். இது வீட்டார் செய்யத்தக்கது. ஊர்க்குளத்தையும் அதற்கு நீர்கொணரும் வாய்க்காலையும் ஆவணி, புரட்டாதி மாதங்களிலே தூர்வாருதல் ஊரார் கூடிச் செய்யத்தக்கது. ஒவ்வொரு பாடசாலையும் தன் கிணற்றை அளந்து குறித்தல் மாணாக்கர் செய்யத்தக்கது. அதற்கு ஒரு கயிறும் ஒரு குறிப்பேடும் போதும். ஊரில் வளைவுகளும் மண்டபங்களும் எழுப்பும் அன்பர்கள், ஒரு குளத்தின் பெயரையும் தம் பட்டியலிற் சேர்த்துக்கொள்வார்களாக.

அந்த மாணவனின் வீட்டுக் கிணறு இன்றும் உவர்தான். காணியை விற்பது பற்றிய பேச்சும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. அவற்றை மாற்றும் ஆற்றல் எனக்கில்லை. ஆயினும் அடுத்த ஆண்டு அதே தலைப்பில் மீண்டும் கட்டுரை எழுதுமாறு பணித்தபோது, அவன் நான்கு பக்கம் எழுதினான். முதற் பக்கத்தில் இருந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்ட அட்டவணை. இம்முறை புள்ளியிட என் கை தயங்கவில்லை.